அங்கே ஏன் அழிந்தார்கள், இங்கே எப்படி எஞ்சினோம்? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் குடியேறியது பற்றியும், அதனால் அங்கிருந்த பூர்வகுடிகளுக்கு நேர்ந்தது பற்றியும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வடஆற்காட்டிலிருந்து, வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

வெள்ளையர் இங்கும் வந்தார்கள், அங்கும் போனார்கள். இங்கே ஆண்டுவிட்டுக் கப்பலேறினார்கள். நம் ஊரில் நாம் இருக்கிறோம். அங்கே மண்ணின் மக்கள் பல நாடுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோனார்கள். பெரியம்மைதான் காரணம் என்று பாடநூல்கள் சொல்வது முழு உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சத்துவாச்சாரி

பாதி உண்மை, அய்யா. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம். பெரியம்மை, தட்டம்மை போன்றவை ஆடுமாடுகளோடு நெருங்கி, கூட்டமாக வாழ்ந்த பழைய உலகத்துச் சமூகங்களில் கிளைத்த நோய்கள் என்று கருதப்படுகிறது. அமெரிக்கக் கண்டங்களில் லாமா, அல்பாக்கா, வான்கோழி, நாய் போன்ற சிலவற்றைத் தவிர வீட்டு விலங்குகளே இல்லை. அந்த நோய்களும் இல்லை. வடஆற்காட்டில் மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் அரிது என்பதே, நம்மிடையே அம்மை எவ்வளவு காலமாகக் குடியிருந்தது என்பதற்குச் சான்று. இங்கே பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்திலேயே அது வந்துபோய்விடும். பிழைத்தவருக்கு மறுமுறை வராது. ஆகவே, ஓர் ஊரில் உழைக்கும் வயதுடையவர் அனைவரும் ஒரே வாரத்தில் படுத்துக்கிடக்கும் நிலை நமக்கு ஏற்படவில்லை. அவர்களுக்கு ஏற்பட்டது. 1520-இல் மெக்சிகோவை எட்டிய பெரியம்மை, அந்நாட்டின் ஆஸ்டெக் பேரரசர் மொக்தெசுமாவுக்குப் பின் அரசேற்ற குயித்லாவாக்கை ஏறத்தாழ எண்பது நாள் ஆட்சியிலேயே கொண்டுபோயிற்று. சோறாக்கவும் தண்ணீர் மொண்டு கொடுக்கவும் எழுந்து நிற்கக்கூடிய ஆள் வீட்டில் ஒருவரும் இல்லாததால், நோயில் சாகாதவர்கள் பட்டினியில் செத்தார்கள். 1545-இலும் 1576-இலும் மேலும் இரண்டு பெருங்கொள்ளைநோய்கள் அந்த நாட்டைத் துடைத்தன. தொடக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் சண்டையிட்டுக்கொண்டிருந்தாலும், ஒரு நூற்றாண்டுக்குள் மிகப் பெரும்பான்மையானோர் மறைந்துவிட்டார்கள் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

மற்றப் பாதி, பாடநூல்கள் விரைந்து கடந்துபோகும் பாதி. கொலம்பஸ் முதன்முதலில் குடியேற்றம் அமைத்த ஹிஸ்பானியோலா தீவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும் அடங்கிய தீவு அது. 1492-இல் அங்கே சில லட்சம் தாயினோ மக்களாவது இருந்தார்கள் என்பது பலரும் ஏற்கும் கணிப்பு. 1514-இல் ஸ்பானிய அதிகாரிகள் வேலைக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காகத் தலைகளை எண்ணியபோது ஏறத்தாழ 26,000 பேரே தேறினார்கள். பெரியம்மை அத்தீவில் காலடி வைத்ததோ 1518-இன் இறுதியில். வேறு சில காய்ச்சல்கள் முன்னரே வந்திருக்கக்கூடும் என்றாலும், அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் நடந்தது என்ன என்பது ஸ்பானியர்களே எழுதிவைத்த ஆவணங்களில் இருக்கிறது. ஆண்கள் மாதக்கணக்கில் தங்கச் சுரங்கங்களுக்கும் ஆற்றுமணல் அலசவும் ஓட்டிச் செல்லப்பட்டார்கள். மரவள்ளிக் கொல்லைகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. பன்றியும் மாடும் அவற்றில் புகுந்து மேய்ந்தன. பிறப்பு நின்றுபோன ஊருக்குத்தான் பெரியம்மை வந்து சேர்ந்தது.

இன்னும் அருகில் சென்று பார்க்க விரும்பினால், இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி மலைக்குப் போகவேண்டும். 1545-இல் அங்கே வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. 1570-களில் ஸ்பானிய வைசிராய் தொலேதோ, அங்கே முன்பு ஆண்ட இன்காக்கள் காலத்தில் ஊர்ப் பொதுவேலைக்கென்று இருந்த 'மித்தா' முறையைச் சுரங்கத்துக்குத் திருப்பிவிட்டார். அதன்படி உடல்வலுவுள்ள ஆண்களில் ஏழில் ஒருவர் ஓராண்டு அங்கே உழைக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 பேர். தோல்வாரால் முறுக்கிய ஏணிகளில், மூவர் மூவராக, முதுகில் கம்பளியில் கட்டிய ஏறத்தாழ 23 கிலோ தாதுவுடன் அவர்கள் ஏறினார்கள் என்றும், முன்னே ஏறுபவரின் கட்டைவிரலில் ஒரு மெழுகுவத்தி கட்டப்பட்டிருந்தது என்றும் நேரில் கண்ட யேசுசபைப் பாதிரியார் அக்கோஸ்தா எழுதியிருக்கிறார். இரண்டு கைகளும் ஏணிக்கு வேண்டியிருந்ததால் விளக்கு விரலுக்குப் போயிற்று. தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் வேண்டும். அதற்கு ஹுவாங்காவெலிக்கா என்ற இடத்தில் இன்னொரு சுரங்கம், இன்னொரு மித்தா, நுரையீரலையும் நரம்பையும் தின்னும் நஞ்சு. மித்தாவுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர்களால் வெற்றூர்களானவை பல. இந்த முறை ஒழிந்தது 1812-இல்தான். அந்த வெள்ளி ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை என்பதையும் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். ஸ்பானிய ரியால் நாணயங்களாகக் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, சோழமண்டலக் கரையின் துணிகளுக்கு விலையாகக் கைமாறியதில் அந்த மலையின் வெள்ளியும் கலந்திருந்தது.

ஐரோப்பாவிலும் 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் மூன்றில் ஒரு பங்கினரையோ அதற்கு மேலோ கொன்றது. எஞ்சியவர்களிடம் நிலம் இருந்தது, கூலி உயர்ந்தது, சில தலைமுறைகளில் மக்கள்தொகை மீண்டது. நோய் மட்டுமே காரணமானால் அமெரிக்காவிலும் அப்படி மீண்டிருக்கவேண்டும். எஞ்சியவர்களை மீளவிடாமல் செய்தது ஆட்சி. இதுவே எம் கருத்து.

இங்கே ஏன் அப்படி நடக்கவில்லை? கும்பினிக்கு நம்மிடம் வேண்டியிருந்தது நிலவரி. உழுபவன் இல்லாவிட்டால் கிஸ்தி இல்லை. ஜமாபந்திக்கு ஆள் வேண்டும். வட அமெரிக்காவில் ஆங்கிலேயருக்கு வேண்டியிருந்ததோ ஆளில்லாத நிலம். அதில் உழைப்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை வாங்கிக்கொண்டார்கள். அட்லாண்டிக்கின் குறுக்கே மொத்தம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடிப் பேர் அப்படிக் கப்பலேற்றப்பட்டார்கள். போதாக்குறைக்கு, நம் நாட்டு மலேரியாவும் காலராவும் வந்தவர்களைக் கூட்டங்கூட்டமாகப் புதைத்ததால், இங்கே நிலம் வாங்கிப் பிள்ளைகுட்டிகளோடு குடியேறும் ஆசை அவர்களுக்கு எழவில்லை. இதையெல்லாம் கருணை என்று எவரும் படித்துவிடக் கூடாது. தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டுகொண்டிருந்தபோதும் துறைமுகங்களிலிருந்து தானியம் வெளியேறிக்கொண்டுதான் இருந்தது.

ஸ்பானியத் தளபதி பிசாரோவின் 168 பேர், பெருவின் இன்காப் பேரரசையே கவிழ்த்தார்கள் என்று படித்தேன். இது நடக்கக்கூடியதா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

168 பேர் கவிழ்த்தது ஒரு பேரரசை அன்று, ஒரு பேரரசரை. 1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்கா நகரின் சதுக்கத்துக்குள், ஆயுதம் ஏந்தாத சில ஆயிரம் பரிவாரத்தோடு இன்காப் பேரரசர் அத்தாவால்பா வந்தார். வல்வெர்தே என்ற துறவி ஒரு நூலை நீட்டி, கிறித்துவையும் ஸ்பானிய மன்னரையும் ஏற்கும்படி கூறினார்; அத்தாவால்பா அதைத் தூக்கி எறிந்தார்; மறைந்திருந்த துப்பாக்கிகளும் அறுபத்திரண்டு குதிரைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. சதுக்கத்தின் வாசல்கள் குறுகலானவை. அன்று மாலைக்குள் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள், பேரரசர் கைதியானார். ஓர் அறை நிறையத் தங்கமும், இருமுறை நிறைய வெள்ளியும் மீட்புப் பொருளாகப் பெற்றுக்கொண்டு, 1533-இல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

ஆனால் அத்தாவால்பா தம் சகோதரர் ஹுவாஸ்காரோடு நடத்திய உள்நாட்டுப் போரை அப்போதுதான் வென்றிருந்தார். அந்தப் போருக்கே காரணம், தந்தை ஹுவாய்னா காப்பாக் 1527-ஐ ஒட்டி ஒரு கொள்ளைநோயில் இறந்ததுதான். தோற்ற தரப்பினரும், இன்காக்களின் ஆட்சியில் புழுங்கிக்கொண்டிருந்த கஞாரி போன்ற இனத்தாரும் ஸ்பானியருக்கு ஆள், சோறு, வழிகாட்டி அனைத்தும் தந்தார்கள். மெக்சிகோவை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸுக்கு அதே உதவியைச் செய்தவர்கள், ஆஸ்டெக்குகளின் பகைவரான த்லாக்ஸ்கலா மக்கள். 1521-இல் ஆஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லானை முற்றுகையிட்ட படையில் ஸ்பானியர் நூறில் ஒரு பங்கே இருந்திருப்பார்கள். 1751-இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்த கதையைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. அவருடைய 200 ஐரோப்பியர்களைச் சொல்பவர்கள், அவர்களைவிட அதிகமாக இருந்த 300 சிப்பாய்களையும், உதவிக்கு வந்த மொராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையையும் சொல்லாமல் விடுவதுதான் வழக்கம்.

பேரரசும் அன்றே விழுந்துவிடவில்லை. வில்காபாம்பா மலைக்காடுகளில் இன்கா அரசு ஒன்று 1572 வரை தாக்குப்பிடித்தது.

ஆஸ்டெக்குகள் நரபலி கொடுத்தவர்கள்தானே? ஸ்பானியர் வந்து அதை ஒழித்தது நன்மையில்லையா?
– வாசகர், வாணியம்பாடி

கொடுத்தார்கள்; அதை மறைப்பதற்கில்லை. த்லாக்ஸ்கலா மக்களின் வெறுப்புக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நரபலி வழக்கமே இல்லாத தாயினோ மக்கள்தான் முதலில் அழிந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், அதை ஒழிப்பதற்காகவா கப்பலேறி வந்தார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

எங்கள் ஊர்ப் போருக்கும் அமெரிக்காவுக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு கூட்டத்தில் பேச்சாளர் கூறினார். மிகைப்படுத்தினாரா?
– வணிகர், வந்தவாசி

மிகையில்லை. 1759 செப்டம்பர் 13-இல் கியூபெக் நகருக்கு வெளியேயும், 1760 ஜனவரி 22-இல் வந்தவாசிக்கு வெளியேயும் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றது ஒரே போரில். ஏழாண்டுப் போர் என்று அதற்குப் பெயர். பிரெஞ்சுத் தளபதி லாலியை ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்கடித்த வயலும், கனடாவின் காடுகளும் 1763 பிப்ரவரியில் பாரிஸில் கையெழுத்தான ஒரே உடன்படிக்கையில் அடங்கின. இங்கே கர்நாடக நவாபுக்கு, ஒருவரைக் காட்டி மற்றவரிடம் பேரம் பேசும் வாய்ப்பு அன்றோடு போயிற்று. அங்கே பூர்வகுடி நாடுகளுக்கும் அதே கதிதான். இரு வெள்ளையர் தரப்புகளுக்கு நடுவே நின்று துப்பாக்கியும் வெடிமருந்தும் பரிசுப் பொருளும் பெற்றுவந்தவர்கள், இப்போது ஒரே எசமானின் முன் நின்றார்கள். பரிசுகள் நிறுத்தப்பட்டன, கோட்டைகள் முளைத்தன.

அதே 1763-இல் ஒட்டாவா என்ற பூர்வகுடியின் தலைவர் பொன்டியாக்கின் பெயரால் அறியப்படும் கிளர்ச்சி வெடித்து, பல ஆங்கிலக் கோட்டைகள் வீழ்ந்தன. முற்றுகைக்கு உள்ளான பிட் கோட்டைக்கு ஜூன் 24 அன்று பேச வந்த டெலவேர் பூர்வகுடித் தூதர்களுக்குப் பெரியம்மை மருத்துவமனையிலிருந்து இரண்டு கம்பளிகளும் ஒரு கைக்குட்டையும் கொடுக்கப்பட்டன. நோக்கம் நிறைவேறும் என்று நம்புவதாகக் கோட்டையிலிருந்த ஒரு வணிகரே தம் நாட்குறிப்பில் எழுதினார். படைத்தலைவர் ஆம்ஹெர்ஸ்ட், அடுத்த மாதம் தனியாக அதே யோசனையைக் கடிதத்தில் தெரிவித்தார். அந்தப் பகுதியில் அம்மை முன்னரே பரவியிருந்ததால் கம்பளியால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கிட இயலாது. எண்ணம் மட்டும் எழுத்தில் நிலைத்துவிட்டது. (இவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளைதான் 1823 முதல் 1828 வரை நம் கவர்னர் ஜெனரலாக இருந்த ஆம்ஹெர்ஸ்ட் பிரபு.)

கிளர்ச்சியைத் தணிக்க, அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாதென்று மன்னர் 1763 அக்டோபரில் பிரகடனம் செய்தார். குடியேறிகள் அதை மதிக்கவில்லை. அமெரிக்க விடுதலைப் போருக்கான மனத்தாங்கல்களில் அதுவும் ஒன்றாயிற்று. 1783-இல் ஆங்கிலேயர் தோற்று வெளியேறியபோது, தங்களோடு நின்று போரிட்ட பூர்வகுடிகளைப் பற்றி உடன்படிக்கையில் ஒரு வரியும் எழுதாமல் அவர்களுடைய நிலத்தைப் புதிய நாட்டிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் போரில் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ், பத்தாண்டுக்குள் வேலூர் வழியே திப்புவை நோக்கிப் படை நடத்தியது தனிக்கதை.

வேர்க்கடலை அமெரிக்காவிலிருந்து வந்தது என்று என் பேரன் சொல்கிறான். நம் பயிர் இல்லையா அது?
– விவசாயி, அணைக்கட்டு

பேரன் சொன்னது சரி. தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவையும் வட அர்ஜென்டினாவையும் ஒட்டிய பகுதியில் பழகிய பயிர் அது. 1987-இல் பெருவின் சிப்பான் என்ற இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசனின் கல்லறையில், பொன்னாலும் வெள்ளியாலும் தோலுரிக்காத கடலை வடிவில் வார்த்த பெரிய மணிகள் கோத்த மாலை கிடைத்தது. ஏறத்தாழ 1,700 ஆண்டுப் பழமை. மிளகாய், தக்காளி, உருளை, மரவள்ளி, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, முந்திரி, மலைச்சரிவுகளில் தானாக முளைக்கும் சீத்தா, பீடிக்குள் சுருளும் புகையிலை எல்லாம் அங்கிருந்து வந்தவையே. முள்ளுக்கத்தரிக்காய் நம்முடையது, அதன் குழம்பிலுள்ள காரம் அவர்களுடையது. பாலாற்றுப் படுகையை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலமும் அந்தக் கண்டத்து மரம்தான். அங்கே பூர்வகுடிகள் அதன் இனத்து மரங்களின் காய்களை இடித்து மாவாக்கி உண்டார்கள்.

இவற்றை விதையிலிருந்து பயிராக்கித் தந்தவர்கள் பல நூறு தலைமுறை உழவர்கள். பழைய உலகின் மக்கள்தொகை பெருகியதில் அவர்களுடைய கிழங்குக்கும் சோளத்துக்கும் பெரும் பங்குண்டு. அதே நூற்றாண்டுகளில் அவர்களுடைய தொகை சரிந்துகொண்டிருந்தது.

வேலூரில் மருத்துவமனை கட்டிய அமெரிக்க மிஷன்காரர்கள், தம் நாட்டுப் பூர்வகுடிகளுக்கு என்ன செய்தார்கள்?
– ஓய்வுபெற்ற செவிலியர், வேலூர்

அருமையான கேள்வி, அம்மா. 1900-இல் ஒரே படுக்கையோடு மருத்துவம் தொடங்கிய ஐடா ஸ்கட்டரின் பாட்டனார் ஜான் ஸ்கட்டர், 1819-இல் அமெரிக்க போர்டு என்ற மிஷன் சங்கத்தின் சார்பில் இலங்கைக்கு வந்தவர். அவருடைய பிள்ளைகள் 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷனும் முதல் சில ஆண்டுகள் அந்தச் சங்கத்தைச் சேர்ந்ததே. அதே சங்கம் 1817 முதல் அமெரிக்காவில் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களிடையே பள்ளிகள் நடத்தியது.

செரோக்கிகளின் கதையை ஊன்றிப் பார்க்கவேண்டும். ஏனெனில் 'நாகரிகம் அடைந்தால் நிலத்தை வைத்துக்கொள்ளலாம்' என்று கூறப்பட்டதை நம்பி அனைத்தையும் செய்தவர்கள் அவர்கள். செக்கோயா என்பவர் 1821-இல் தனியொருவராக அம்மொழிக்கு எழுத்து வகுத்தார். 1827-இல் அரசியல் சட்டம் எழுதினார்கள். 1828-இல் இருமொழி வார இதழ் ஒன்று தொடங்கினார்கள். அதற்குத் துணைநின்றவர் மேற்சொன்ன சங்கத்தின் மிஷனரி சாமுவேல் வூஸ்டர். மறு ஆண்டே ஜார்ஜியாவில் அவர்களுடைய நிலத்தில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. மாநில அரசின் அனுமதியின்றிச் செரோக்கி மண்ணில் வாழ்ந்த குற்றத்துக்காக வூஸ்டருக்கு நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவருடைய வழக்கில், ஜார்ஜியாவின் சட்டம் அங்கே செல்லாது என்று 1832-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலம் பணியவில்லை, குடியரசுத் தலைவர் ஜாக்சன் பணியவைக்க முயலவும் இல்லை. சங்கமே மனம் தளர்ந்து, மேலும் போராடவேண்டாம் என்று வூஸ்டருக்கு அறிவுரை கூறிற்று. 1838-இல் துப்பாக்கி முனையில் 16,000 பேர் மேற்கே நடத்திச் செல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 4,000 பேர் முகாம்களிலும் வழியிலும் வந்து சேர்ந்த இடத்திலுமாக இறந்தார்கள்.

ஆகவே மிஷன்காரர்களை ஒரே தட்டில் வைக்க இயலாது. வூஸ்டர் சிறை சென்றார். பிற்காலத்தில் கனடாவில் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளிலோ, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டார்கள்; முடி வெட்டப்பட்டது, தாய்மொழி பேசினால் அடி விழுந்தது. அரசு 2008-இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

ஸ்பெயினில் ஒருவர்கூட எதிர்க்கவில்லையா?
– வாசகர், ஆம்பூர்

எதிர்த்தார்கள். 1511-இல் சாந்தோ தொமிங்கோவில், குடியேறிகள் நிறைந்த கோயிலிலேயே, 'இவர்கள் மனிதர்கள் இல்லையா?' என்று மொந்தேசினோஸ் என்ற துறவி பிரசங்கத்தில் கேட்டார். அடிமைப் பண்ணையை உதறிவிட்டுத் துறவியான லாஸ் காசாஸ் அரை நூற்றாண்டு வாதாடினார். பூர்வகுடிகளைக் காக்க இயற்றப்பட்ட 1542-இன் 'புதிய சட்டங்களுக்கு' அவர் முக்கியக் காரணம். அச்சட்டங்களை எதிர்த்துப் பெருவில் குடியேறிகள் ஆயுதம் ஏந்தினார்கள்; பண்ணைகளைப் பற்றிய முக்கிய விதியை 1545-இல் மன்னர் திரும்பப் பெற்றார்; ஆனாலும் 1546-இல் கிளர்ச்சியாளர்கள் வைசிராயையே கொன்றார்கள். பூர்வகுடிகளுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று தொடக்கத்தில் பரிந்துரைத்த கறையும் லாஸ் காசாஸுக்கு உண்டு. பிற்காலத்தில் அதற்காக அவர் வருந்தி எழுதினார்.

அந்த மக்கள் இன்று முற்றாக மறைந்துவிட்டார்களா?
– கல்லூரி ஆசிரியை, குடியாத்தம்

இல்லை. மறைந்துவிட்டார்கள் என்று எழுதுவது அவர்களுக்கே எரிச்சலூட்டும் செய்தி. இன்காக்களின் கெச்சுவா மொழியை இன்றும் ஏறத்தாழ 80 லட்சம் பேர் பேசுகிறார்கள். பராகுவேயில் குவரனி ஆட்சிமொழி. அங்கே பூர்வகுடி அல்லாதோரும் அதைப் பேசுகிறார்கள். பொலிவியாவின் 2009 அரசியல் சட்டம் 36 பூர்வகுடி மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. அழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட தாயினோக்களின் தாய்வழி மரபணு, புவேர்ட்டோ ரிக்கோ மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

நீதிமன்ற வழக்குகளும் ஓயவில்லை. செரோக்கிகளைப் போலவே மேற்கே விரட்டப்பட்ட மஸ்கோகி மக்களுக்கு ஒக்லஹோமாவில் ஒப்பந்தப்படி தரப்பட்ட நிலம், நாடாளுமன்றத்தால் முறைப்படி ஒருபோதும் திரும்பப் பெறப்படவில்லை என்றும், ஆகவே அது இன்றும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலமே என்றும் 2020 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே காரணத்தைக் காட்டி மாநில நீதிமன்றம் மறு ஆண்டு செரோக்கி முதலிய நாடுகளுக்கும் அதை நீட்டித்தது. 2022-இல், அந்நிலத்தில் பூர்வகுடியினருக்கு எதிராகப் பிறர் செய்யும் குற்றங்களை மாநில அரசும் விசாரிக்கலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கூறியது. எதிர்த்த நால்வரின் சார்பில் எழுதிய நீதிபதி கோர்சச், தம் மாற்றுத் தீர்ப்பை 1832-இன் வூஸ்டர் வழக்கிலிருந்தே தொடங்கினார்.